பல்பு வேண்டாம் என்றேன்

மேஜை மேல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் சோப்பு டப்பா என்றுதான் தோன்றும். என் அக்காவே முதலில் அப்படி நினைத்து அதைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அது ஆசிலோஸ்கோப், சார். லேப்டாப்பில் யூ.எஸ்.பி. வயரைச் செருகி, முனையை ஒரு சர்க்யூட்டில் தொட்டால், அங்கே வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். விலை மலிவு. அதனால் கம்பெனிக்காரன் உள்ளே போட்டிருந்த ஃபர்ம்வேரும், அதாவது பெட்டியை இயக்குகிற நிரலும், மலிவுதான். கோடு நடுங்கும், பாதியில் உறைந்துபோகும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நாங்களே ஒன்று எழுதினோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

நாங்கள் என்றால் நான்கு பேர். கடிகாரக் கடைக்காரர், வங்கி ஊழியர், பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் டீச்சர், நான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மாடி அறையில் கூடுவோம். முதல் நிரலை எழுதியவன் நான். அதனால் எது உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்று முடிவு செய்வதும் நான்தான். அலுவலகத்தில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் லீவு போட்டால்கூட மறுநாள்தான் கவனிப்பார்கள். அந்த மாடி அறையில் மட்டும் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் எங்கிருந்தோ நன்றி எழுதினார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இதைச் சொல்லவே இப்போது நாக்கு கூசுகிறது.

என் நிரலில் எல்லோரும் மெச்சியது அது வரையும் சுத்தமான கோட்டைத்தான். அந்தச் சுத்தத்துக்கு நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். பெட்டியால் அளக்க முடியாத உயரத்துக்கு வோல்டேஜ் போனால், பழைய நிரலில் கோடு திரையின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு அசிங்கமாக நிற்கும். என்னுடையது அந்த அளவை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டுப் பூஜ்யத்தை வரையும். கோடு அடியில் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும்.

டீச்சர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அளவு எல்லைக்கு மேல போனா, கரண்டே இல்லன்னு காட்டுது. இத நம்பி யாராவது கை வச்சா என்ன ஆகும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். குத்திக்காட்டவில்லை, கவலையாகத்தான் கேட்டார். எல்லை தாண்டினால் திரை சிவப்பாக மாறுவதுபோல் நாலைந்து வரியில் ஒரு திருத்தத்தையும் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"டீச்சர், மொதல்ல உங்க வயர் லூஸா இருக்கான்னு பாருங்க" என்றேன். கடிகாரக்காரர் சிரித்தார். டீச்சர் முகம் சிவந்து போனது. எனக்குத் தெம்பாக இருந்தது.

அவர்கள் போன பிறகு சோதித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அன்றைக்கே அந்த வரிகளைச் சேர்த்திருக்கலாம். சேர்த்தால், ஆரம்பத்திலிருந்தே என் நிரலில் ஓட்டை இருந்தது என்று ஊருக்கெல்லாம் தெரியும். அடைத்தது யார் என்பதும் தெரியும். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது என்று நினைக்கிற ஜாதி நான். அடுத்த பெரிய மாற்றத்தோடு சத்தமில்லாமல் நுழைத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா புருஷன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வெல்டிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெட்டியை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். "எம் மாப்ள எழுதினது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். மெஷினை அணைத்தாலும் உள்ளே கெப்பாசிட்டர்களில் கரண்ட் தேங்கி நிற்கும், ஆளையே அடிக்கும் அளவுக்கு. மச்சான் ஒரு குண்டு பல்பில் இரண்டு வயரைக் கட்டி வைத்திருந்தார். அதை வைத்துத் தொடுவார். பல்பு பளீரென்று எரிந்து அணைந்தால், தேங்கியது தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் கை வைப்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நிரல் நிஜக் கடையில் எப்படி உழைக்கிறது என்று காட்டுவதற்காக மச்சானை வீடியோவில் கூப்பிட்டேன். யோசனை என்னுடையது. டீச்சர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்த யோசனை. மச்சான் புதுச் சட்டை போட்டிருந்தார். மெஷினை ஓட்டிக் காட்டினார், அணைத்தார், முனையை வைத்தார். லேப்டாப்பைக் கேமரா பக்கம் திருப்பினார். கோடு அடியில் படுத்திருந்தது.

டீச்சர் என் பக்கம் குனிந்து, "இவ்ளோ சீக்கிரமாவா கரண்ட் இறங்கிடும்? அந்தப் பெட்டில என் திருத்தம் ஏத்தியிருக்கீங்கல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏத்தியாச்சு" என்றேன்.

அவர் நம்பினார். திருத்தம் ஏற்றியும் திரை சிவக்கவில்லையே.

"மாப்ளே, எதுக்கும் பல்ப வச்சுப் பாத்துரட்டுமா?" என்றார் மச்சான்.

"எதுக்கு மச்சான்? அதான் கோடு சொல்லுதே. பல்பெல்லாம் அந்தக் காலம்."

"சரிப்பா, நீ சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே பல்பைக் கீழே வைத்தார்.

அப்புறம் எங்களுக்குக் கடையின் கூரை மட்டும் தெரிந்தது. போன் மல்லாந்து விழுந்திருந்தது.

நான்தான் முதலில் ஓடிப் போய்ச் சேர்ந்தேன். அக்கா மச்சான் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். நான் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். "என்னடா பண்ற?" என்று கேட்டாள். "ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்க்கா" என்றேன். டீச்சரின் திருத்தத்தைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸை வங்கிக்காரர் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மச்சானுக்கு மூச்சு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்த எல்லோருக்கும் அதில் டீச்சரின் திருத்தம் இருந்தது தெரிந்தது. டீச்சருக்கும் தெரிந்தது. தான் எழுதிய வரிதான் காலை வாரிவிட்டது என்று அவர் முடிவு செய்துகொண்டார். அக்காவைப் பார்க்க வந்து வாசலிலேயே நின்று அழுதார். "எம் புருஷனை எமனுக்குத் தூக்கிக் குடுத்துட்டியேடி, நீ நல்லா இருப்பியா" என்று அக்கா மண்ணை வாரித் தூற்றினாள். நான் அக்காவைத் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். "விடுக்கா, அவங்க என்ன வேணும்னா பண்ணாங்க?" என்று டீச்சருக்காகப் பரிந்தும் பேசினேன். நான் பெருந்தன்மையானவன் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றியது. இதை நினைக்கும்போதுதான், சார், மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேவலமாக இருக்கிறது.

டீச்சர் வேலையை விட்டுவிட்டதாகவும், தன் தவறுதான் என்று ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதாகவும் நேற்று கடிகாரக்காரர் சொன்னார். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் திராணி இல்லை.

பல்பு வேண்டாம் என்று தெரியாமல் வாய் தவறிச் சொன்னாயா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நாளும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினை அப்போதுதான் அணைத்திருந்தார். கரண்ட் இறங்கியிருக்காது என்று எனக்குத் தெரியும். கோடு பொய் சொல்கிறது என்றும் தெரியும். பல்பை வைத்திருந்தால் அது பளீரென்று எரிந்திருக்கும், டீச்சர் பார்த்திருப்பார். மச்சான் கையை நீட்டியபோது நான் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த டீச்சரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தோற்றுவிட்டோம் என்று அவர் ஒப்புக்கொள்வது அதில் தெரிகிறதா என்று.