இரண்டாவது கலன்

ஃபைஸல்: பெற்றோல் ஷெட்காரன்தான் தண்ணி கலந்திரிக்கான், மஸாஹிர். வேற ஆரு?

மஸாஹிர்: பொறு மச்சான். போட் எஞ்சினக் கழட்டி அரை மணித்தியாலம் ஆகல்ல. அதுக்குள்ள கள்ளனப் புடிச்சிட்டியே.

ஃபைஸல்: நேத்து நடுக்கடல்ல நின்டது நீயா, நானா? அல்பேட் அண்ணன்ட போட் அந்தப் பக்கம் வரல்லன்டா, நான் இப்ப இந்தியாவுல!

மஸாஹிர்: அங்கயாவது பெற்றோல் கிடைச்சிரிக்கும்.

ஃபைஸல்: பகிடியா ஒனக்கு? மூணு நாள் கியூவுல நின்டு வாங்கின ரெண்டு கலன். நாளைக்குப் போய் அவன்ட சேட்டுக் கொலரப் புடிக்கிறனா இல்லயான்டு பாரு.

மஸாஹிர்: சரி, முதல்ல இந்த ஹோஸத் தொட்டுப் பாரு. ஊதிப்போய், பதுபதுன்டு... வெறும் தண்ணி இப்பிடிச் செய்யாது.

ஃபைஸல்: அப்ப என்ன?

மஸாஹிர்: அதுதான் எனக்கும் விளங்குதில்ல. எங்க ஒன்ட பொஞ்சாதி? பரீனா! ஒரு வெறும் போத்தல் தாங்க. கொஞ்சம் தண்ணியும்.

பரீனா: இந்தாங்க மஸாஹிர் நானா. எதுக்கு?

மஸாஹிர்: ஒங்கட மாப்பிள்ளைட பெற்றோலுக்கு ஒரு சோதனை. பாருங்க... இந்தக் கோடு வரைக்கும் தண்ணி. அதுக்கு மேல பெற்றோல். மூடிக் குலுக்கி வெச்சாச்சு.

ஃபைஸல்: இதெல்லாம் என்னத்துக்கு? காபரேட்டரக் கழுவிப் பூட்டித் தா, போதும்.

மஸாஹிர்: கொஞ்சம் பொறு... ஆ, இப்ப தண்ணி எங்க நிக்கி?

பரீனா: கோட்டுக்கு மேல... மூடின போத்தலுக்குள்ள தண்ணி எப்பிடி நானா கூடும்?

மஸாஹிர்: தண்ணி கூடல்ல. பெற்றோலுக்குள்ள இருந்த ஸ்பிரிட்டு தண்ணியோட சேந்து கீழ எறங்கிரிச்சு. சுத்தமான பெற்றோல்ன்டா கோடு அசையாது. ஒன்ட எஞ்சின் குடிச்சிரிக்கி மச்சான்!

ஃபைஸல்: அஸ்தஃபிருல்லாஹ்! வாயக் கழுவு.

மஸாஹிர்: வெளிநாட்டுல கொஞ்சம் ஸ்பிரிட்டு சேத்து விக்கிறதுதான். ஆனா அதுக்கேத்த ஹோஸ் வேணும், தண்ணிய வேறாக்கிற பில்டர் வேணும், கலன இறுக்கி மூடி வெச்சு, பழசாக முந்தி முடிக்கவும் வேணும். இஞ்ச அதொண்டும் இல்ல. ஸ்பிரிட்டு கடல்காத்துல இருக்கிற ஈரத்தயும் குடிச்சிட்டு அடில போய் நிக்கும். எஞ்சின் இழுக்கிறதும் அடில இருந்துதானே.

பரீனா: கொஞ்சமா இருந்தாலும்... எஞ்சின் நிக்குமா?

மஸாஹிர்: கை தேய்க்கிற ஸ்பிரிட்டுன்டா கொஞ்சமே போதும். அதுல தண்ணி முதலே இரிக்கி.

பரீனா: இஞ்சேருங்க... அஸ்ஜத்த இன்டைக்குக் கடலுக்கு விட வேணாம்.

ஃபைஸல்: ஒன்ட தம்பி அஸர் தொழுகை முடிஞ்ச கையோட எறங்கப் போயிட்டான். இப்ப என்ன?

பரீனா: காத்து வருது.

ஃபைஸல்: காத்தா? தென்னோலை கூட அசையல்லயே!

பரீனா: எனக்கு மனசு சரியில்ல.

மஸாஹிர்: அவன்ட போட்டுக்கு எந்தப் பெற்றோல கொண்டு போறான்?

ஃபைஸல்: ரெண்டாவது கலன். அது சுத்தம்.

மஸாஹிர்: ரெண்டும் ஒரே ஷெட்டுல வாங்கினதுதானே? ஒண்டு மட்டும் எப்பிடிச் சுத்தம்?

ஃபைஸல்: சுத்தம்ன்டா சுத்தம்.

மஸாஹிர்: அதத்தான் எப்பிடின்டு...

ஃபைஸல்: எனக்குத் தெரியும், விடு!

பரீனா: ஒங்களுக்குத் தெரியாது! அது சுத்தமில்ல.

ஃபைஸல்: நீ என்ன கதைக்கிற?

பரீனா: போன எடுங்க. முதல்ல அவன நிப்பாட்டுங்க, பொறகு என்ன ஏசுங்க.

ஃபைஸல்: பரீனா...

பரீனா: நான்தான் அதுக்குள்ள ஸ்பிரிட்டு ஊத்தின! எடுங்க!

ஃபைஸல்: ஹலோ... அஸ்ஜத்! கேக்குதா? எங்க நிக்கிற?... எஞ்சின நிப்பாட்டு! பெற்றோல் சரியில்லடா... ஓம், நிப்பாட்டு. கம்ப ஊண்டிக் கரைக்கு வா... ஓம், இப்பவே.

பரீனா: எங்க நிக்கான்? சொல்லுங்களேன்!

ஃபைஸல்: இப்பதான் தள்ளியிரிக்கான். நெஞ்சளவு தண்ணிதானாம்.

பரீனா: அல்ஹம்துலில்லாஹ்... என்ட அல்லாஹ்...

ஃபைஸல்: இனிச் சொல்லு. ஏன் ஊத்தின?

பரீனா: போன கிழமை ரெண்டு போத்தல் பெற்றோல் எடுத்தேன். கொறஞ்சது ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்டு ஊத்தினேன். அதுவும் எரியிற சாமான்தானேன்டு நெனச்சேன்.

ஃபைஸல்: ஆருக்குக் குடுத்த? ஒன்ட வாப்பா வந்து கேட்டாலும் குடுக்காதன்டு சொல்லித்தானே போன நான்?

பரீனா: ஆருக்குன்டு மட்டும் கேக்காதீங்க.

மஸாஹிர்: எனக்கு.

ஃபைஸல்: என்ன?

மஸாஹிர்: என்ட மகள் முஃப்லிஹாவுக்குப் பிரசவ வலி வந்த அன்டைக்கு மச்சான். திரீவீலர்ல ஒரு சொட்டு இல்ல. நீ கற்பிட்டிக்குப் போயிருந்த. பரீனாட்டக் கெஞ்சி வாங்கினேன். ஒனக்குச் சொல்ல வேணாம்ன்டதும் நான்தான். ஆனா ஸ்பிரிட்டு ஊத்தினது, வல்லாஹி, எனக்குத் தெரியாது.

ஃபைஸல்: ஒன்ட மகளுக்கு வலின்டா நானே தந்திருப்பேனே.

மஸாஹிர்: தந்திருப்பியா?

ஃபைஸல்: ... தெரியல்ல.

மஸாஹிர்: எனக்கு இன்னும் ஒண்டு விளங்குதில்ல. பரீனா, இந்தக் கலனுக்கு எவ்வளவு ஊத்தினீங்க?

பரீனா: இதையா? இத நான் தொடவே இல்ல நானா. அஸ்ஜத் கொண்டு போனதுக்குள்ள மட்டும்தான்.

மஸாஹிர்: அப்ப இதுக்குள்ள ஆரு ஊத்தின?

ஃபைஸல்: ஷெட்காரன்... வேற ஆரு...

மஸாஹிர்: பரீனா, ஒங்களுக்கு ஸ்பிரிட்டு எங்கால கிடைச்ச?

பரீனா: அலுமாரிக்குப் பின்னால ஒரு கலன் இருந்த. கொரோனா நேரம் பள்ளிவாசலுக்குக் கை தேய்க்க வந்ததே... ஹராம்ன்டு ஒருத்தரும் தொடாமக் கிடந்தது, அது. நான் எடுக்கக்குள்ளயே பாதிதான் இருந்த.

மஸாஹிர்: அத மண்ணுல கொட்டியாச்சுன்டு இவன் ஜமாஅத்துல எழும்பிச் சொன்னானே... மச்சான்?

பரீனா: இஞ்சேருங்க. மத்தப் பாதி எங்க?

ஃபைஸல்: மூணு நாள் நின்டும் ஒரு கலன்தான் நிறைஞ்ச, பரீனா. அந்த நல்லத ஒன்ட தம்பிக்கு வெச்சிட்டு... மத்தப் பாதிய, நிறையாத என்ட கலனுக்குள்ள நான்தான் ஊத்தின.