ராமுத்தாய்க்கு வந்த கிரேக்கக் கடிதம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அச்சக அதிபர் காசிராஜன் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாள் அடுக்கிய கையோடும் திரி திரித்த கையோடும் தாயில்பட்டியிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் அச்சகத்தில் பிழைதிருத்தும் ஆர்த்தியின் அன்பு வணக்கம்.

சிவகாசியில் கிரேக்க மொழி வகுப்பு இன்று தொடங்குகிறது. "பட்டாசு ஊருல கிரேக்கம் எதுக்குத்தா?" என்று ஓர் ஐயா வாசலிலேயே மடக்கினார். சொல்கிறேன் ஐயா, உட்காருங்க.

காலம் கரைத்தும் கரையாத கட்டழகு கொண்டது கிரேக்கம். கப்பலேறி வந்த யவனர் பேசியதும் அதுதான். இன்று ஏதென்ஸ் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதும் அதுதான். வானியலுக்கும் வைத்தியத்துக்கும் வையமே அதனிடம் சொல் வாங்கியது. ஏற்றுமதி ஆர்டர்களுக்காகக் கற்க உட்கார்ந்த நான் எதில் மயங்கினேன்? அதன் வாழ்த்துகளில். புதுச்சட்டை போட்டால் வாழ்த்து, முடி வெட்டி வந்தால் வாழ்த்து, காய்ச்சலில் படுத்தால் 'கடந்து போகட்டும்' என்றொரு வாழ்த்து. வாழ்த்தி வாழ்த்தி வாய் வலிக்காத மொழி அது.

சென்ற சீசனில் கிரேக்க எண்ணெய் ஆலை ஒன்றுக்குக் காலண்டர் அச்சிட்டோம். அட்டையில் வெண்தாடிப் பெரியவர். பெட்டி கட்டும் ராமுத்தாய் அக்காவுக்கு ஒரு வழக்கம்: சாமி காலண்டர் என்றால் பெட்டிக்குப் பெட்டி முதல் பிரதிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். தாடியைக் கண்டார், சாமியார் என்று நினைத்தார், பொட்டு வைத்துவிட்டார். சிரிக்காதீங்க, நானும் கவனிக்கவில்லை. லோடு கப்பலேறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் ஆலையின் முதலாளி, காலமாகி ஒரு வருடம்.

"அங்கன என்ன சொல்லுதாகன்னு தெரியட்டும். அதுவரைக்கும் வேலைக்கு வராதீக" என்றுவிட்டார் அண்ணாச்சி. முறைக்காதீக அண்ணாச்சி, உள்ளதைப் பேசச் சொன்னது நீங்கள்தானே? தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்க்கும் அக்கா மூன்று வாரம் வீட்டில் கிடந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு கடிதம் வந்தது. நடுங்கும் கையெழுத்து, மொழிபெயர்க்கப் போனைக் காட்டினால் போனே திணறியது. அக்காவை வரவழைத்து, நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுதியவர் முதலாளியின் மனைவி.

'பெட்டியைப் பிரித்தேன். என் கணவரின் நெற்றி மணத்தது. அது என்னவென்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. யாரோ மரியாதையோடு தொட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. தொட்டவருக்குச் சொல்லுங்கள்: யா ஸ்தா ஹேரியா சு.'

என்ன பொருள்? 'உன் கைகள் நலமாக இருக்கட்டும்!' சமைத்தவருக்கும் தைத்தவருக்கும் கிரேக்கர் அன்றாடம் சொல்லும் வாழ்த்து இது.

தாய்மார்களே, கரி படிந்த கை என்றார்கள். பசை ஒட்டிய கை என்றார்கள். வெடிமருந்தோடு விளையாடும் கை என்றார்கள். அந்தக் கை நலமாக இருக்கட்டும் என்று நமக்கு எத்தனை பேர் சொன்னார்கள்?

"இன்னொரு தடவ படி ஆத்தா" என்றார் அக்கா. நான்கு முறை படித்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வந்துருங்க ராமுத்தாய்" என்றார்.

அக்கா வேலைக்கு வந்தார். வந்த கையோடு இந்த வகுப்புக்கு முதல் ஆளாகப் பெயரும் கொடுத்தார். என்னிடம் கேட்டுக் கேட்டு, தன் கைப்படக் கிரேக்கத்தில் பதில் எழுதி இன்று காலை அஞ்சலில் சேர்த்திருக்கிறார். ஒரே வரி: 'நடுங்குகிற உங்கள் கைகளும் நலமாக இருக்கட்டும், அம்மா.'

தட்டியது போதும், தாய்மார்களே. தட்டிய கைகள் அத்தனையும் நலமாக இருக்கட்டும். நன்றி, வணக்கம்.