பத்தில் ஒரு பச்சை

ஒரே வேலையை இரண்டு முறை செய்வது எனக்குப் பிடிக்காது. அம்மா அப்படி இல்லை. ஆஸ்பத்திரி லாண்டரியில் துவைத்துக் காய்ந்த விரிப்பில் மிளகளவு கறை தெரிந்தாலும் திரும்பத் தொட்டியில் போட்டுவிடுவாள். யார் உன்னைக் கேட்டார்கள் என்பேன். "படுக்கிறவன் கேக்க மாட்டான்டி, பாதி மயக்கத்துல கெடப்பான். நாமதான் பாக்கணும்" என்பாள். அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. அதனால்தான், என் வேலையைக் கம்ப்யூட்டரே திரும்பத் திரும்பச் செய்யும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம், மெதுவாகவே சொல்கிறேன். காலையிலிருந்து ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகச் சுற்றிவளைத்துக் கேட்கிறீர்கள். எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். எண்ணுவது என் தொழில்.

எங்கள் கம்பெனி செய்வது மருந்து பம்ப். கட்டில் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே, நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்தை இறக்குகிற பெட்டி, அதுதான். அதற்குள் ஓடுகிற மென்பொருளை எழுதுகிறவர்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் எழுதியது சரியா என்று சோதிக்கிறவள் நான் ஒருத்தி. அறுநூற்று நாற்பது சோதனைகள். நான் சேர்ந்த புதிதில் ஒவ்வொன்றையும் கையால் செய்தேன். பட்டனை அமுக்கு, அளவைப் பார், தாளில் டிக் போடு. ஒரு சுற்று முடிய மூன்று நாள் ஆகும். முடிப்பதற்குள் அவர்கள் எதையாவது மாற்றியிருப்பார்கள். மறுபடியும் முதலிலிருந்து.

நான் எழுதிய ஸ்கிரிப்ட் அந்த மூன்று நாளை இருபது நிமிடமாக்கியது. யாராவது புது வரிகளைச் சேர்த்தால் போதும், அது தானே விழித்து எல்லாச் சோதனையையும் ஓட்டி முடித்துச் சுவரில் இருக்கும் விளக்கை எரியவிடும். எல்லாம் தேறினால் பச்சை. ஒன்று தேறாவிட்டாலும் சிவப்பு. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் எழுதியது அது. யாரும் சொல்லித் தரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு விழுந்தால், அதற்குக் காரணமானவர் மேசையில் ஒரு கழுதைப் பொம்மையை வைப்பார்கள். சாம்பல் நிறம், ஒரு காது பிய்ந்தது. மறுபடி பச்சை வரும்வரை அது அங்கேயே நிற்கும். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. ஆனால் ஸ்கிரிப்ட் வந்த பிறகு பாதி சிவப்புக்கு அவர்கள் எழுதியது காரணமில்லை. சோதிக்கிற கம்ப்யூட்டர் ஒரு நொடி திணறும், பதில் தாமதமாக வரும், சிவப்பு விழும். அதே சோதனையைத் திரும்ப ஓட்டினால் தேறிவிடும். யார் தப்பும் இல்லையென்றால் ஸ்கிரிப்ட் எழுதியவள் தப்பு. கழுதை பதினோரு நாள் என் மேசையில் நின்றது.

பன்னிரண்டாம் நாள், எங்கள் டீம் லீடர் கையில் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். அவருக்கு என் அம்மா வேலை எப்படித் தெரிந்தது என்று தெரியாது. காப்பீட்டுப் படிவத்தில் பார்த்திருப்பார்.

"அம்மா லாண்டரியிலயாம்மா?"

"ஆமா சார்."

"அதான பாத்தேன். கழுதை சும்மா வந்து நிக்கல. சொந்தக்காரங்க வீடு தேடி வந்திருக்கு."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் நல்ல மனிதர் மேடம், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார். என் பல் தெரிந்ததைப் பார்த்து, "இதாம்மா ஸ்பிரிட்டு" என்று தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "எப்படியோ பண்ணு. எனக்குச் சிவப்பு வரக் கூடாது."

எப்படியோ. அந்த ஒரு சொல்லைத்தான் நான் நிறைவேற்றினேன்.

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஒரு சோதனை தேறாவிட்டால் மறுபடி ஓட்டு. பத்து முறைவரை ஓட்டு. ஒருமுறை தேறினாலும் தேறியதாக எழுது. இது நான் கண்டுபிடித்த களவு இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிற யாரையும் கேளுங்கள், இரண்டு மூன்று முறை ஓட்டுவார்கள். நான் பத்து என்று வைத்தேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? கல்லூரியில் கணக்குத் தாளில் இரண்டு முறை அரியர் வைத்து, மூன்றாம் முறை தேறினேன். என் பட்டத்தில் எத்தனாவது முறை என்று போட்டிருக்கிறதா? போடவில்லை. அதைக் காட்டித்தான் இந்த வேலை வாங்கினேன்.

விளக்கு பச்சையானது. பச்சையாகவே இருந்தது. கழுதை அலமாரிக்குப் போய்விட்டது. மேலிடத்துக்கு லீடர் படம் போட்டுக் காட்டினார். "நாம ஒரு ஏற்பாடு கொண்டு வந்தோம்" என்றார். அந்த "நாம"வில் நான் இல்லை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினேன். ஒவ்வொரு வாரமும் சோதனை அறிக்கையின் அடியில் அவர் பெயர்தான், அவர் கையெழுத்துதான். என் பெயர் எங்கேயும் கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இப்போது எல்லாரும் என் பெயரை மட்டுமே சொல்கிறார்கள்.

இனி நானூற்றுப் பதினேழு.

அது நானூற்றுப் பதினேழாவது சோதனை. நர்ஸ் பம்பை நிறுத்துகிறாள், மருந்தின் அளவை மாற்றுகிறாள், உடனே மறுபடி ஓடவிடுகிறாள். புது அளவில் ஓட வேண்டும். அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. எந்தச் சோதனை எத்தனை முறை ஓடித் தேறியது என்று சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். மற்றவை இரண்டாம் முறையில் தேறியிருந்தன. நானூற்றுப் பதினேழு மட்டும் எட்டாம் முறை. முந்தின நாள் ஒன்பதாம் முறை. கம்ப்யூட்டர் திணறினால் எந்தச் சோதனையும் திணறும், ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துத் திணறாது.

மாதிரி பம்ப் ஒன்று என் மேசையில் எப்போதும் இருக்கும். தண்ணீர் நிரப்பிக் கண்ணாடிக் குவளையில் விட்டுப் பார்த்தேன். மெதுவாக அமுக்கினால் சரியாக இறங்கியது. நிறுத்திய ஒரு நொடிக்குள் மாற்றி ஓடவிட்டால் பழைய அளவும் புது அளவும் சேர்ந்து இறங்கியது. குவளை நிரம்பி மேசையில் வழிந்தது. துணி எடுத்துத் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன், ஒரு புள்ளி இல்லாமல்.

அதாவது, இப்போதுதான் வேலை பழகுகிற, கை மெதுவான நர்சிடம் அந்தப் பம்ப் ஒழுங்காக நடக்கும். வேலை தெரிந்த, கை வேகமான நர்சிடம்தான் பிசகும்.

நான் சொல்லவில்லை என்கிறார்கள். சொன்னேன். அன்றைக்கு மதியமே லீடர் அறை வாசலில் நின்று சொன்னேன்.

"சார், நானூத்திப் பதினேழு கொஞ்சம் ஆடுது."

"பச்சை வருதா?"

"வருது சார்."

"அப்புறம் என்னம்மா ஆடுது பாடுதுன்னு? கழுதையைத் திரும்ப மேசைக்குக் கூப்பிடவா?"

குவளையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? வியாழக்கிழமை அறிக்கை வந்தது. பேனா மூடியைப் பல்லால் கழற்றி, ஒரு பக்கமும் புரட்டாமல் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன் மேடம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருநாள் இந்தப் பெட்டி எங்காவது பிசகும், அன்றைக்கு இந்தக் கையெழுத்தைத் தேடி வருவார்கள், கழுதை போய்ச் சேர வேண்டிய மேசைக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். "எங்காவது" என்று நினைத்தேனே தவிர, அங்கே ஒரு கட்டில் இருக்கும், கட்டிலில் ஒருவர் இருப்பார் என்று... சரி, அதுவும் தெரியும். பம்ப் வேறு எதில் மாட்டுவார்கள்?

இரண்டு மாதத்தில் அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே நாற்பது பம்ப் போனது.

ஒரு சாயங்காலம் அம்மா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். இடுப்பு ஆபரேஷனுக்கு வந்த ஒரு தச்சர் போய்விட்டாராம். வலிக்கு இறக்குகிற மருந்து கூடிப்போய் மூச்சு நின்றுவிட்டதாம்.

"விரிப்பு எங்கிட்டதான் வந்துது. ஒரு கறை இல்லடி. போட்ட மாதிரியே இருக்கு. ஆனாலும் துவைக்கணுமில்ல."

"யார் அமுக்குனது?"

"அந்தச் சின்ன சிஸ்டரு. எனக்குப் பிரஷர் பாத்துச் சொல்லும்ல, அந்தப் பொண்ணு. கை அவ்வளவு வேகம். நான் சரியாத்தாம்மா அமுக்குனேன், சரியாத்தாம்மா அமுக்குனேன்னு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு. வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. அவங்க வீட்டுலயும் அதுதான்டி மொதல்ல படிச்சது, உன்ன மாதிரி."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்: "பாத்து அமுக்கியிருக்கணும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றப் போனாள்.

நீங்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பீர்கள். யோசித்துப் பாருங்கள். அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? லீடருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். எனக்குக் கதவு. அந்தப் பன்னிரண்டு பேரும், "லாண்டரிக்காரி மகள் எழுதின லட்சணம்" என்று சிரித்திருப்பார்கள். ஸ்கிரிப்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள். என் வாழ்க்கையில் நான் முழுசாகச் செய்த பொருள் அது ஒன்றுதான்.

இனி உங்கள் கையில் இருக்கிற அந்தத் தாளுக்கு வருவோம். ஸ்கிரிப்டை யார், எப்போது, எந்த வரியில் தொட்டார்கள் என்று எல்லாம் அதில் பதிந்திருக்கும். மறைக்க முடியாது, மறைக்கவும் இல்லை. தச்சரை எடுத்துக்கொண்டு போன மறுநாள், காலை ஒன்பது நாற்பதுக்கு, என் பெயரில் ஒரு மாற்றம் இருக்கிறது. பத்து என்ற எண்ணை அழித்து இருபது என்று போட்டேன்.

காரணம் சாதாரணம். லீடர் ஆட்கள் பம்பின் மென்பொருளை இன்னும் வேகமாக்கியிருந்தார்கள். அதனால் நானூற்றுப் பதினேழு பத்து முறை ஓடியும் தேறவில்லை. விளக்கு சிவந்துவிட்டது. அலமாரியை யாரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, எண்ணை மாற்றினேன். பதினாறாம் முறை தேறியது. பச்சை.

அலமாரியை மூடிவிட்டார்கள்.

அந்தப் பச்சையோடு போன பம்ப்தான் மூன்று வாரம் கழித்து அதே ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் ஓடியது. குழந்தை பிறந்து மூன்றாம் நாள், தாய் போய்விட்டாள். அங்கேயும் கை வேகமான ஒரு நர்ஸ்தான். அந்த விரிப்பும் அம்மாவிடம் வந்தது. இந்த முறை அவள் வீட்டில் வந்து ஒன்றும் சொல்லவில்லை. நேராக உங்களிடம் வந்திருக்கிறாள், என் மகள் வேலை பார்க்கிற இடத்துப் பெட்டி, அவளைக் கேளுங்கள் என்று. சொன்னேனே, ஒரு புள்ளி இருந்தால் திரும்பத் தொட்டியில் போடுகிறவள்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அந்தச் சின்ன சிஸ்டரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவள் சரியாகத்தான் அமுக்கினாள். லீடர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் மேசையில் கழுதையை வைத்தார்களா என்று யாராவது விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இப்போது உங்கள் கேள்வி. ஆள் சாகும் என்று தெரிந்துதான் செய்தாயா? காலையிலிருந்து ஒன்பது முறை கேட்டுவிட்டீர்கள். ஒன்பது முறையும் தெரியும் என்றுதான் சொல்லியிருக்கிறேன், வார்த்தைதான் மாறியிருக்கும். இது பத்தாவது.

தெரியாது மேடம்.

இதை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற ஒன்பதை அடித்துவிடலாம்.