திரைச்சீலைக்கு ஒரு ஃபேன்

அந்த ஃபேன் ஓடட்டும் தம்பி, அதை விடுங்க. குளிருதுன்னா ஜன்னலைச் சாத்திடறேன். நீங்க கம்ப்யூட்டரப் பாருங்க. மாடி ஏறி வந்த என்னை மாதிரியே எப்படி மூச்சு வாங்குது பாருங்க! ஒரு எழுத்தைத் தட்டினா, அது திரையில வர்றதுக்குள்ள என்ன எழுத உட்கார்ந்தோம்னே மறந்துபோகுது எனக்கு.

ஆமா, திரையில அந்தப் பட்டியல்ல முதலாவதா நிக்குதே, அந்த ப்ரோக்ராம்தான். எல்லாத்தையும் முழுங்கறது அதுதான். ஒருதடவை நிறுத்திப் பார்த்தேன். அடுத்த நிமிஷமே தானா எழுந்து உட்கார்ந்துடுச்சு, நல்லவேளை.

நல்லவேளைன்னா சொன்னேன்? ஏதோ வாய்க்கு வந்தது.

வைரஸா? ஐயோ, இல்லப்பா. எம் பொண்ணு போட்டது. போன மழைக்காலத்துல குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். அலறியடிச்சுக்கிட்டு ஓடி வந்தா. போகும்போது இதைப் போட்டுவிட்டுப் போனா. எதிர்ல ஏதாவது அசைஞ்சா கேமரா படம் பிடிச்சு அவளுக்கு அனுப்பிடும். அம்மா நடமாடுறாளான்னு பார்த்துக்கலாமாம்.

பேசறதா? அது எங்க. வீட்டைப் பூட்டிட்டு என்கூட வாம்மான்னா. மாட்டேன்னேன். அவ்வளவுதான், இப்போ போனை எடுக்கறதே இல்ல. அடம்! யாரு பொண்ணு? பேசலன்னா போகுது, பாக்குறா இல்ல? அதான் காலையிலேயே தலையை வாரிக்கிட்டு இங்க வந்து உட்கார்ந்துடறது.

சரி, இது ஏன் இந்தக் குதி குதிக்குது? எது நிறைஞ்சுபோச்சு? படம் போய்ச் சேர்ற அவ பெட்டியா? ஓஹோ... உள்ள போக இடமில்லாம, அனுப்பினதையே திரும்பத் திரும்ப அனுப்பித் திணறுதா. பாவம்.

பார்த்துட்டு அழிச்சிருந்தா நிறைஞ்சிருக்காதே தம்பி?

என்னது, திறக்கலையா? எதை? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

எல்லாமேவா. முதல் படத்துலேர்ந்தா.

ம். அவளுக்கும் வேலை ஜாஸ்தி.

பழசையெல்லாம் இங்கேர்ந்தே அழிக்கலாமா? அழிச்சிடுங்க, இடம் கிடைக்கட்டும். இல்ல இல்ல, இதை எடுத்துடாதீங்க! சத்தம் மட்டும் அடங்கினாப் போதும்.

மறுபடியும் ஃபேனுக்கே வர்றீங்களே. அதை அணைச்சுடாதீங்க தம்பி. புஸ்தகத்தோட உட்கார்ந்தா நான் அசையறதே இல்ல. அந்தத் திரைச்சீலையாவது ஆடினாத்தானே அவளுக்குப் படம் போகும்.