பதினாலு பாட்டு

தப்பாச் சொல்லிட்டேன், டீச்சரம்மா. மருமகளைப் போம்மான்னு சொல்லணும். போகாதேன்னு சொல்லிட்டேன். அதுவும் இங்கிலீஷ்ல. மூணு தடவை.

உக்காரல, நிக்கிறேன். இந்தத் தாளையெல்லாம் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். பதினாலு பாட்டு, சரியா இருக்கும். இனிமே வகுப்புக்கு வரல.

உங்க மேல கோவமில்ல. பாட்டு மேலதான். நீங்க என்ன சொன்னீங்க? பாட்டுல கத்துக்கிட்டா இங்கிலீஷ் தன்னால நாக்குல வந்து உக்காரும்னீங்க. உக்காந்துச்சு. எழுந்திரிக்கவே மாட்டேங்குது. மழை, இதயம், கண்ணீர், முத்தம். எழுபத்தோரு வயசுல முத்தத்தை வெச்சு நான் என்ன பண்றது? போன மாசம் சமையக்கட்டுல குழாய் ஒழுகுச்சு. ஒழுகுறதுக்கு இங்கிலீஷ் தெரியல. ரிப்பேர்காரனுக்கு போன் போட்டு, குழாய் அழுவுதுன்னேன். எப்பலேந்துன்னு கேட்டான். உன்னைப் பாத்த நாள்லேந்துன்னேன். வேற வாய்க்கு வரல.

சிரிக்காதீங்க.

நான் லிப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருஷம். மேல போவுதா, கீழ வருதா, அதுக்கு மேல யார்கிட்டயும் பேசினதில்ல. வீட்லயும் அப்படித்தான். மருமக வேற பாஷைக்காரி, தமிழ் ஒரு சொல்லு வராது. பையன்தான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சொல்லுவான். நான் ஒண்ணு சொன்னா அவன் ஒம்பது சொல்லுவான். அவ சிரிப்பா. என்னத்தச் சொன்னானோ.

ஆமா, செத்துட்டான். ரெண்டு வருஷமாச்சு. நெஞ்சுவலி. அன்னையிலேந்து வீட்ல மூணு பேரும் கையாலதான் பேசிக்கிறோம்.

அவ எங்களை விட்டுப் போகல. அவ அம்மா வந்து கூப்பிட்டாங்க. போகல. ரயில் ஓட்டுற வேலைக்குப் படிச்சா. படிக்க ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரியும், இது ஒரு நாள் எங்க கொண்டுபோய் நிறுத்தும்னு. போம்மா, நாங்க பாத்துக்குவோம், நீ நல்லாரு. இவ்வளவுதான். இதை என் வாயால சொல்லணும்னுதான் உங்க வகுப்புல சேந்தேன்.

வேலை வந்துருச்சு. நாப்பது ஆம்பளைங்களைத் தள்ளிட்டு வாங்கினது. ஊரு ஆறு மணி நேரத் தூரம். திங்கக்கிழமை சேரணும், சேரலேன்னா வேற ஆளைப் போட்டுருவான். கடுதாசியைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு வாரமா எங்க மூஞ்சியைப் பாத்துப் பாத்துத் திரிஞ்சா. கெழவன் கெழவியை எப்படி விட்டுட்டுப் போறதுன்னு.

ஞாயித்துக்கிழமை காலையில பெட்டியோட கூடத்துல வந்து நின்னா. என் வாயையே பாக்குறா. தொறந்தேன். என்ன வரும்? உங்க பதினாலு பாட்டுல பதினொண்ணுல ஒருத்தன் போகாதேங்கறான். மிச்சம் மூணுல திரும்பி வான்னு பாடறான். நல்லபடியாப் போய்ச் சேருன்னு ஒரு பயலும் பாடல. போகாதே, என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதேன்னுதான் வந்துச்சு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே, பல்லவிக்கு மூணு தடவை. உச்சரிப்பு சுத்தமா இருந்துச்சு.

பெட்டியைக் கீழ வெச்சுட்டா. ஷூவைக் கழட்டிட்டா.

என்ன கேட்டீங்க? போன்னு சொல்றதுக்கு ஒரே சொல்லுதானேங்கறீங்களா? முதல் நாள் பாடமாச்சேங்கறீங்களா?

தெரியும். கோ. பச்சக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவளும் போயிட்டா, அவன் பேரைச் சொல்லிக்கிட்டு அந்த வீட்ல வேற யாரு இருக்கா? அதான் சொல்லல. பாட்டை ஏன் குத்தம் சொல்லணும். பாட்டு நல்லாத்தான் இருக்கு.

நின்னுட்டாளான்னா? இல்ல இல்ல, போயிட்டா. இந்நேரம் எஞ்சின்ல ஏறியிருப்பா.

நான் எங்க அனுப்பினேன்? அடுப்படியிலேந்து ஒருத்தி ஈரக் கையோட வந்தா. நான் பேசினது அவளுக்கு ஒரு எழுத்துப் புரியாது. என் மூஞ்சி புரிஞ்சிருக்கும். நீ வாயை மூடுய்யான்னா. முட்டியை மடக்க முடியாதவ, தரையில உக்காந்து அந்தப் பொண்ணு கால்ல ஷூவை மாட்டினா. கயித்தை இழுத்துக் கட்டினா. பெட்டியைத் தானே தூக்கிக்கிட்டு முன்னால நடந்தா. ரயிலடி வரைக்கும் தமிழ்லயே என்னென்னவோ சொல்லிக்கிட்டே போனா. மருமக அழுதுக்கிட்டே எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுப் போச்சு.

யாருன்னா? என் வீட்டுக்காரிதான். அவனைப் பெத்தவ.