மெத்தை போடாத இடம்

மெல்ல வைம்மா, அந்த இடத்துல ஸ்பாஞ்சை அழுத்தாத. நெத்திக்கும் காதுக்கும் நடுவுலதான் வலி. ரொம்ப வீங்கியிருக்கா? எனக்கென்ன தெரியுது, இந்த வயசுல மூஞ்சியே வீக்கம்தான். நீ நல்லா மூடிடுவே. நேத்து வரைக்கும் இருந்த மேக்கப்மேன் பவுடரை அப்பி விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாரு.

ஃபைட் சீனா? எனக்கு இப்ப யாரும்மா ஃபைட் குடுக்கிறாங்க. இதுல நான் தாத்தா. பேத்தி பிறந்தநாள்ல உக்காந்து சிரிக்கணும். இத்தனை வருஷத்துல எனக்கு வந்த முதல் நல்லவன் வேஷம். டைரக்டர் தம்பி நேத்து போன்ல சொல்றாரு, ஐயா, உங்க சிரிப்பைக் கேட்டு குழந்தை அழுதுடக் கூடாது, கொஞ்சம் பாத்துச் சிரிங்கன்னு.

இரு, சொல்றேன். எப்படி ஆச்சுன்னுதானே கேட்ட.

நாடகக் கம்பெனியில நான் சேந்தப்ப மீசை கூட முளைக்கல. முதலாளி அடிப்பாரு. வசனம் தப்பினா போதும், திரை இழுக்கிற கயிறு இருக்கும்ல, அதாலயே விளாசுவாரு. விளாசிட்டு, போடா, உன் சீன் வந்துருச்சுன்னு மேடையில தள்ளி விடுவாரு. முதுகு எரியும், வாயி பாட்டுக்கு வசனம் சொல்லும். ஒரு நாள் என்ன தோணுச்சோ, கயித்தைப் புடுங்கி அவரு கழுத்துல சுத்திட்டேன். மனுசனுக்குக் கண்ணு பிதுங்கிடுச்சு. நாலு பேரு சேந்து பிரிச்சு விட்டாங்க. அதோட வீட்டுக்கு அனுப்பிடுவாருன்னு நெனச்சேன். மறுநாள் கூப்பிட்டு, நேத்து உன் மூஞ்சியைப் பாத்தேன்டா, இனிமே நீதான் வில்லன்னாரு. கழுத்துல செவப்பா கோடு போட்டிருக்கு, அதைத் தடவிக்கிட்டே சொல்றாரு. என் தொழில் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

சிரிக்காத, பிரஷ் ஆடுது.

அப்புறம் ஒரு ஊர்ல, கதாநாயகியை முடியைப் பிடிச்சு இழுக்கிற காட்சி. முன்வரிசையில ஒருத்தன், நல்ல போதை. அவளை விடுறான்னு பாட்டிலை உடைச்சுக்கிட்டு மேடை ஏறிட்டான். தோள்ல இறக்கிட்டான். காலரை விலக்கிப் பாரு, தழும்பு இன்னும் இருக்கு. ரத்தம் குபுகுபுன்னு வருது, சனங்க எழுந்து நின்னு கைதட்டுறாங்க, என்னமா செட்டப் பண்ணியிருக்காங்கன்னு. நான் அவன் தாடையில ஒண்ணு விட்டேன். பல்லு தெறிச்சு, மேடைக்குக் கீழ ஆர்மோனியம் வாசிச்சுக்கிட்டிருந்தவர் மடியில விழுந்துச்சு. அதுக்கும் கைதட்டல்.

சினிமாவா? அங்க மட்டும் என்ன வாழ்ந்துச்சு. ஒரு ஹீரோ இருந்தாரு, பேரு வேணாம். கேமரா ஓடாதப்ப ஐயா, ஐயான்னு கூப்பிடுவாரு. ஷாட்னு சொல்லிட்டா நிஜமாவே அறைவாரு. அப்பதான் ஃபீல் வருதாம். திரும்பத் திரும்ப டேக் போய் காதுல ரத்தம் வந்துருச்சு. இந்தக் காது இப்ப பாதிதான் கேக்கும். நீ அந்தப் பக்கம் நின்னு பேசுறப்ப நான் தலையைத் திருப்புறது அதுக்குத்தான், கோவிச்சுக்காத. திருப்பி அடிச்சிருக்கலாம். அடிச்சா வேலை போயிடும், வீட்டுல கைக்குழந்தை. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

பையன்தான். ஒரே பையன்.

அவனுக்கு நாலு வயசு இருக்கும், குடும்பத்தோட துணிக்கடைக்குப் போறோம். முன்னப் பின்ன தெரியாத ஒரு அம்மா நேரா வந்து, செருப்பைக் கழட்டி என் மூஞ்சியிலயே அடிச்சாங்க. எத்தனை பொண்ணுங்க வாழ்க்கையைடா கெடுப்பேன்னு. அந்தம்மா மேல தப்பு சொல்ல மாட்டேன், படத்தை நம்பிட்டாங்க. என் சம்சாரம்தான் பதறிப்போய், அவரு ரொம்ப நல்லவருங்க, வீட்டுல எறும்பைக் கூட மிதிக்க மாட்டாருங்கன்னு கெஞ்சுறா. கடையில எல்லாரும் சிரிக்கிறாங்க. என் பையன் என் விரலைப் பிடிச்சிருந்தான். மெதுவா விட்டுட்டான். அதுக்கப்புறம் ரோட்டுல அவன் என் கையைப் பிடிச்சதே இல்லம்மா.

ஸ்கூல்ல விடுவாங்களா. உங்கப்பன் நேத்து டிவியில ஒருத்தியை ரூம்ல போட்டுப் பூட்டினானேன்னு கேட்டா பிள்ளை என்ன பண்ணுவான். தினமும் சட்டை கிழிஞ்சு வருவான். ஒரு நாள் இவனே ஒருத்தன் தலையைப் பிடிச்சு டெஸ்க்ல மோது மோதுன்னு மோதிட்டான். அந்தப் பையனுக்கு மண்டை பொளந்து தையல். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு விட்டாரு. நான் போய் நின்னா, அவரு பயந்துக்கிட்டு நாற்காலியைப் பின்னாடி நகத்துறாரு. திரும்பி வர்றப்ப பையன் கேட்டான், நீ மட்டும் அடிக்கலாமான்னு. அதெல்லாம் பொய்யடிடா கண்ணுன்னேன். நான் அடிச்சது நிஜம்னான். அழுதுக்கிட்டே சொல்லலம்மா, பெருமையா சொன்னான்.

அப்புறம் அந்தக் கை நிக்கவே இல்ல. கல்யாணம் பண்ணி வச்சோம். மருமக எவ்வளவோ பொறுத்துப் பாத்தா. இவன் அடிச்சு அவ கை ஒடிஞ்சப்புறம் குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நானேதான் பஸ் ஏத்தி விட்டேன். சம்சாரம் இருந்த வரைக்கும் அவனுக்கும் எனக்கும் நடுவுல வந்து நிப்பா. அவளும் போயிட்டா. இப்ப நானும் அவனும்தான். என் கால்ஷீட் எல்லாம் அவன்தான் பாக்கிறான்.

எனக்கு வசனம் மறக்குதும்மா. முன்னாடி பக்கம் பக்கமா சொன்ன வாயி, இப்ப ரெண்டு வரியில நிக்குது. ஷூட்டிங்ல மானம் போகுதுன்னு அவனுக்கு ஆத்திரம். வீட்டுல உக்கார வச்சு சொல்ல வைப்பான். வசனம் நின்னா அடி. முகத்துல அடிக்க மாட்டான், கேமராவுக்குத் தெரியும்ல. முதுகுல, தொடையில.

இன்னிக்குக் காலையில கட்டுப்பாடு போயிடுச்சு. பாப்பா, தாத்தா உனக்காக எங்கிருந்து வர்றேன் தெரியுமா. அவ்வளவுதான் வசனம். எங்கிருந்துன்னு வந்து நின்னுட்டேன். சமையல் ரூம்ல நிக்கிறோம். முடியைப் பிடிச்சு ஃப்ரிட்ஜ் கதவுல மோதினான். சொல்லுன்னான். மறுபடி மோதினான். அப்புறம் நான் ஒண்ணும் யோசிக்கலம்மா, சத்தியமா. ஃபைட் மாஸ்டருங்க எத்தனை வருஷமா இந்த உடம்புக்குள்ள ஏத்தி வச்சிருக்காங்க. முடியைப் பிடிச்சா மணிக்கட்டைப் பிடி, இடுப்பைத் திருப்பு. அது தானா திரும்பிடுச்சு. அவன் பறந்து போய் விழுந்தான். படத்துல விழுறவனுக்கு மெத்தை போட்டிருப்பாங்க. வீட்டுல கிரானைட் மேடை. அதோட முனை, பின்மண்டையில.

முதல்ல நடிக்கிறான்னுதான் நெனச்சேன். செத்தவன் மாதிரி படுத்துக் கிடக்கிறது நான் பண்ணாத வேலையா. எவ்வளவு அடக்கினாலும் இமை துடிக்கும், தொண்டை அசையும். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எதுவும் அசையல. நெஞ்சுல காதை வச்சேன், நல்லா கேக்கிற காதைத்தான் வச்சேன். கண்ணை மூடி விட்டேன். சின்னப் பிள்ளையில தூங்குறப்ப இருந்த மூஞ்சி மாதிரி ஆயிடுச்சு.

போலீசுக்கு நானே போன் போட்டேன். என் மகனைக் கொன்னுட்டேன்னு சொன்னேன். என் குரலைத்தான் எல்லாரும் மேடையில மிமிக்ரி பண்றாங்களே, எடுத்தவரு நம்பல. காலங்காத்தால விளையாடாதப்பான்னு வச்சிட்டாரு. மறுபடி போட்டேன். அவரு பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் கேக்கிற மாதிரி வச்சு, அப்படியே அந்தச் சிரிப்பையும் ஒரு தடவை சிரிங்கன்னாரு. அதுக்குள்ள கீழ ஷூட்டிங் கம்பெனி கார் வந்து ஹாரன் அடிச்சுது. எங்க போறதுன்னு தெரியல, ஏறி உக்காந்துட்டேன்.

நீயும் அப்படிப் பாக்காதம்மா. நல்லா பண்றீங்க சார்னு சொல்ல வாயெடுக்காத. இது எந்தப் படத்து வசனமும் இல்ல.

பிரஷ்ஷை வச்சிட்டு உன் போனை எடு. உன் குரலை யாருக்கும் தெரியாது, நீ சொன்னா நம்புவாங்க. அட்ரஸ் நான் சொல்றேன். கதவு பூட்டல, சாத்தித்தான் இருக்கு. வீட்டு வேலை செய்யற அம்மா மத்தியானம் வருவாங்க. அதுக்குள்ள போகச் சொல்லு, பாவம், அவங்க முதல்ல பாக்க வேணாம்.