புகைக்குள் நின்ற வண்டியும் கோடலீவே ரூலென்ஸும்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் முதியோர் இல்லத்தின் தலைவர் திருமதி லுட்கார்ட் டெனோல்ஃப் அவர்களே, வண்டிப்பிரிவு நண்பர்களே, இந்த வெயிலிலும் வந்து முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோரையும் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

நம் வண்டிப்பிரிவின் தலைவி கோடலீவே ரூலென்ஸ் அவர்கள் வியாழக்கிழமை காலை பணிமனையில் மாரடைப்பால் விழுந்தார். அவரை எழுப்ப எங்களால் முடியவில்லை.

அவரை என்னவென்று சொல்வது? ஓட்டுநர் என்பதா? மெக்கானிக் என்பதா? நம் இல்லத்து இர்மா அம்மையாரைக் கேட்டால் வேறொரு பெயர் சொல்வார். நான் ஒரு மதியத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அன்று அந்த வண்டியில் செவிலியராக இருந்தவன் நான்.

மூன்று கோடைகளுக்கு முன்பு ஓஸ்டெண்டே கடற்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் இர்மா அம்மையாரையும் சேர்த்து ஆறு பெரியவர்கள்; ஓட்டியவர் நாங்கள் லீவே என்று கூப்பிடும் கோடலீவே. நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து தீப்பிடித்தது. ஏற்றி வந்த ரசாயனம் எரிந்து, மஞ்சள் புகை சாலையோடு படர்ந்தது. போலீஸ்காரர் ஒலிபெருக்கியில், யாரும் கண்ணாடியை இறக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். முன்னும் பின்னும் நகர வழியில்லை. வெளிக்காற்று வராமல் உள்காற்றே சுற்றும்படி லீவே திருப்பி வைத்தார்.

அந்த நேரத்தில்தான் ஏசி காற்று குறைந்தது.

இறைச்சிக்கடை வைத்திருந்த ஒக்டாஃப் முதலில் குரல் கொடுத்தார். "லீவே, நாப்பது வருஷம் கறி வெட்டினவன் நான். இந்தச் சூட்டுல எது எப்பக் கெடும்னு எனக்குத் தெரியும்."

"நீங்க உப்புக்கண்டம், ஒக்டாஃப். கெட மாட்டீங்க. கொஞ்சம் வாய மூடுங்க, சத்தம் கேக்கணும்."

விசிறியின் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். சத்தம் கூடியது, குறைந்தது. அப்படியானால் விசிறி நன்றாக இருக்கிறது. மெல்லிய காகிதக் கைக்குட்டையை முகத்துக்கு நேராகக் காற்று வரும் துளையில் பிடித்தார். அது அசையவில்லை. காற்றைக் காலடிக்குத் திருப்பினார், முன்கண்ணாடிக்குத் திருப்பினார். எங்கும் அதே கதைதான். "விசிறி சுத்துது, காத்து வரல. உள்ள எதுவோ அடைக்குது," என்றார்.

பக்கத்து இருக்கைக்கு எதிரே இருந்த பெட்டியைக் கழற்றி, காற்று வடிகட்டியை உருவினார். கடற்கரை மணலும் மரங்களிலிருந்து பறந்து வந்த பஞ்சும் சேர்ந்து அது கம்பளி போல் இருந்தது. அதை எடுத்த பிறகும் காற்று லேசாகத்தான் வந்தது. அந்த இடைவெளிக்குள் விரலை விட்டுத் துழாவியவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஐஸ். காத்தக் குளிர வைக்கிற கூடு முழுக்க ஐஸ் கட்டிடுச்சு. காத்து போகாம போகாம உறைஞ்சிருக்கு."

சொல்லிவிட்டுக் குளிரூட்டியை அணைத்தார். விசிறியை மட்டும் முழு வேகத்தில் வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். வெளியே நஞ்சு. உள்ளே அனல். கண்ணாடியை இறக்க முடியாது. அந்த நிலையில் குளிரூட்டியை அணைக்கிறார். யார் ஒப்புக்கொள்வார்? நான் ஒப்புக்கொள்ளவில்லை. இர்மா அம்மையாரின் வியர்வை நின்றுபோயிருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர வழியே இல்லை.

"லீவே, போடுங்க அத. இவங்க தாங்க மாட்டாங்க."

"போட்டா இன்னும் உறையும், மார்னிக்ஸ். அப்புறம் இந்தக் காத்தும் நின்னுடும். எல்லாரும் போயிடுவோம்."

"உருகுறதுக்குள்ள இவங்க போயிட்டா?"

அவர் சொன்னார்: "அப்ப அது என் தலைமேல. நீ துண்ட நனைச்சுப் போடு. கைய விடாத."

இருந்த குடிநீரையெல்லாம் துண்டுகளில் ஊற்றினோம். ஒக்டாஃப் தன் பங்குத் தண்ணீரையும் நீட்டினார். விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டது. லீவே ஒரு கையால் அந்தக் காகிதத்தைத் துளையில் பிடித்தபடி, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் இர்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஈரவாடை வந்தது. பிறகு காகிதம் அசைந்தது. பிறகு படபடத்தது. அதன் பின்னும் அவர் அவசரப்படவில்லை. காற்று முழுதாக வரும்வரை பொறுத்து, குளிரூட்டியைக் குறைந்த அளவில் போட்டார். இர்மா அம்மையார் கண் திறந்து, "ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார். இதோ, இன்று முன்வரிசையில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

புகை அடங்கிச் சாலை திறந்ததும் எல்லோரும் பத்திரமாக இல்லம் வந்து சேர்ந்தோம். மறுநாள் நாங்கள் அவருக்காகப் பூங்கொத்து வாங்கி வைத்திருந்தோம். அவர் அதைத் தொடவில்லை. இதே மேடையில் நின்று சொன்னார்: "வடிகட்டிய மாத்த வேண்டியது நான். இந்த ஒரு பயணம் தாங்கும்னு விட்டுட்டேன். நான் காப்பாத்துனேன்னு சொல்லாதீங்க. மாட்டிவிட்டதும் நான்தான்."

அப்படிச் சொல்ல யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அவராகச் சொன்னார். துணிச்சல் என்று நான் எதைச் சொல்வேன்? குளிரூட்டியை அணைத்ததையா, இதையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, நாளை மீண்டும் கடும் வெப்பம் என்கிறார்கள். நாளையும் நம் பெரியவர்கள் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். வியாழக்கிழமை லீவே விழுந்தபோது ஒரு வண்டியைப் பாதி கழற்றி வைத்திருந்தார். அது இன்னும் அப்படியே கிடக்கிறது. அழுவதற்கு நமக்கு நாள் இருக்கிறது. இந்தக் கூட்டம் முடிந்ததும் நானும் வண்டிப்பிரிவுத் தோழர்களும் நேராகப் பணிமனைக்குப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாருங்கள்.